கேட்டால் கொடுக்கும் ஃபேக்ஸ்: போலிங் வைத்துப் பட்ட பாடு

1998-இல் பாரிமுனையில், தம்புச் செட்டித் தெருவில் ஒரு சரக்கு ஃபார்வர்டிங் ஆபீஸில் வேலை பார்த்தேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பெயருக்கு நான் டாக்குமென்டேஷன் உதவியாளன். ஆனால் திங்கட்கிழமை மதியம் வரை ஃபேக்ஸ் மெஷினுக்குத்தான் உதவியாளன்.

அந்த வாரம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பும் ஃபீடர் கப்பல்களின் (பெரிய துறைமுகங்களுக்குக் கன்டெய்னர் கொண்டுபோகும் சிறு கப்பல்கள்) பட்டியலை நாங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கப்பல், என்று வரும், என்று கிளம்பும், கன்டெய்னர் எத்தனை மணிக்குள் உள்ளே போக வேண்டும் என்கிற கட்-ஆஃப், எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் கம்பெனிகள்தான் அதிகம். கரூரில் நாலைந்து பேர். மொத்தம் நாற்பது எண்கள்.

நாற்பது எண்கள் என்றால் நாற்பது அழைப்புகள் என்று நினைக்காதீர்கள். பாதி எண்கள் எங்கேஜ்டாக இருக்கும். சில இடங்களில் ஃபேக்ஸும் போனும் ஒரே லைன்; யாராவது எடுத்து "ஹலோ, ஹலோ" என்பார்கள். நம் மெஷின் அவர் காதில் கீச்சென்று கத்தும், அவர் கடுப்பாகி வைத்துவிடுவார். சில இடங்களில் பேப்பர் ரோல் தீர்ந்திருக்கும். எல்லாம் எஸ்டிடி, அதாவது வெளியூர் அழைப்பு, எல்லாம் நம் பில். இத்தனைக்கும் பிறகு புதன்கிழமை ஆம்பூரிலிருந்து ஒரு பாய் கூப்பிட்டு, "தம்பி, அந்த ஷெட்யூலைக் காணோம், இன்னொரு வாட்டி அனுப்பிடுங்க" என்பார்.

இப்படி ஒரு திங்கட்கிழமை, எங்கேஜ்ட் எண்ணுக்காகக் காத்திருந்த நேரத்தில் மெஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். "போலிங்" என்று ஒரு பக்கம். நீங்கள் அனுப்ப வேண்டாம், பேப்பரை வைத்துவிட்டுச் சும்மா இருங்கள், வேண்டியவர் கூப்பிட்டு எடுத்துக்கொள்வார் என்கிற மாதிரி எழுதியிருந்தது. முதலாளியிடம் போய் "சார், போலிங் போடலாம்" என்றேன். பாராளுமன்றத் தேர்தல் நடந்து முடிந்த வருஷம். "அதான் முடிஞ்சு போச்சேப்பா" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு உடனே புரிந்தது ஒன்றுதான்: எஸ்டிடி காசு இனிமேல் கேட்பவருடையது. சரி, போடு என்றார்.

போலிங் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு வரும் கோளாறுகள் புரிய அது உதவும். சாதாரணமாக ஃபேக்ஸில் கூப்பிடுகிறவர்தான் கொடுப்பவர். கூப்பிடும் மெஷின் 1100 ஹெர்ட்ஸில் அரை வினாடி கூவும், மூன்று வினாடி சும்மா இருக்கும், மறுபடி கூவும். எடுத்த மெஷின் 2100 ஹெர்ட்ஸில் மூன்று வினாடி போல நீளமாகக் கூவும். அப்புறம் தன்னைப் பற்றிச் சொல்லும்: இந்த வேகத்தில் வாங்குவேன், இந்த அளவுப் பேப்பர் இருக்கிறது என்று. அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பிட், "என்னிடம் கொடுக்கவும் ஒரு பேப்பர் இருக்கிறது" என்று சொல்வதற்காகவே இருக்கிறது. கூப்பிட்டவர் போலிங் பட்டனை அழுத்தியிருந்தால், அவருடைய மெஷின் அந்த பிட்டைப் பார்த்து, "அப்படியா, நீ அனுப்பு, நான் வாங்குகிறேன்" என்று பதில் சொல்லும். அந்த இடத்தில் இருவருடைய வேலையும் மாறிவிடும். கூப்பிட்டவர் வாங்குபவர், எடுத்தவர் கொடுப்பவர். பட்டனை அழுத்தவில்லை என்றால் நம் மெஷின் எவ்வளவு ஆசையாகப் பேப்பரை வைத்துக்கொண்டு காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. இந்தக் கடைசி வரிதான் எங்களைப் படாதபாடு படுத்தியது.

முதல் வாரமே சொதப்பல். எங்கள் மெஷின் பழையது, தெர்மல் ரோல் போடுவது, நினைவகம் கிடையாது. அதில் போலிங் என்றால், ஃபீடரில், அதாவது பேப்பரை உள்ளே இழுக்கும் தட்டில், பேப்பரை வைத்துப் பட்டனை அழுத்திவிட்டுப் போக வேண்டியதுதான். நானும் இரண்டு பக்கத்தையும் வைத்துவிட்டு, பத்துப் பேருக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, டீ குடிக்கக் கீழே இறங்கினேன். திரும்பி வந்தால் இரண்டு பக்கமும் முன்பக்கத் தட்டில் கிடக்கின்றன. முதலில் கூப்பிட்டவர் எடுத்துக்கொண்டார், பேப்பர் உள்ளே போய் வெளியே வந்துவிட்டது. இரண்டாமவரிலிருந்து எல்லோருக்கும் வெறுங்கை, எஸ்டிடி காசு மட்டும் போச்சு. அன்று நான் வாங்கிய திட்டு ஆம்பூர் பாஷையில் இருந்ததால் பாதி புரியவில்லை.

ஆகவே இன்று யாராவது இதை முயன்றால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: உங்கள் மெஷின் ஃபீடரிலிருந்து கொடுக்குமா, நினைவகத்திலிருந்து கொடுக்குமா. ஃபீடர் என்றால் ஒரு பேப்பர் ஒரு ஆளுக்கு. அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் பந்தி போட முடியாது.

இரண்டு மாதம் கழித்து, சாதா பேப்பரில் அச்சடிக்கும் புது மெஷின் வந்தது, நினைவகத்தோடு. அதிலும் ஒரு பள்ளம் இருந்தது. ஆவணத்தை ஏற்றும்போது "ஒரு முறை கொடுத்ததும் அழித்துவிடு" என்பதும் "நான் அழிக்கும் வரை வைத்திரு" என்பதும் இரண்டு தேர்வுகள். நாம் எதையும் தொடாவிட்டால் முதலாவது. இது தெரியாமல் இன்னொரு திங்கட்கிழமையும் வீணாயிற்று. நல்லவேளை, இந்த முறை ஊருக்குச் சொல்வதற்கு முன் சோதித்துப் பார்க்கும் புத்தி வந்திருந்தது.

சோதனைக்குத் தெருமுனையில் இருந்த எஸ்டிடி பூத்துக்குத்தான் போனேன். மஞ்சள் போர்டில் எஸ்டிடி, ஐஎஸ்டி, பிசிஓ, ஃபேக்ஸ், ஜெராக்ஸ் என்று எல்லாம் எழுதியிருக்கும் வகை. கடைக்காரரிடம், "அண்ணே, ஒரு ஃபேக்ஸ் வாங்கணும், ஆனா நான்தான் கூப்பிடணும்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். "ஃபேக்ஸ் வந்தா பக்கத்துக்குக் காசு. கூப்பிட்டா காலுக்குக் காசு. நீ ரெண்டையும் குடுக்கப் போறியா?" என்றார். கொடுத்தேன். முதல் தடவை இரண்டு பக்கமும் அழகாக வந்தது. இரண்டாம் தடவை பிழை. அவர் சிரித்துக்கொண்டே காலுக்குக் காசு வாங்கிக்கொண்டார். மூன்று மாடி ஏறிப்போய்த் தேர்வை மாற்றி, மறுபடி இறங்கி வந்து பார்த்தேன். மூன்று முறை தொடர்ந்து வந்த பிறகுதான் மேலே போனேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: ஏற்றிய கையோடு வெளி லைன் ஒன்றிலிருந்து இரண்டு முறை எடுத்துப் பார்ப்பது. ஒரு முறை போதாது, முதல் முறை எல்லா மெஷினும் கொடுக்கும்.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. தானாக எடுக்கும் நிலையில் மெஷின் இருக்க வேண்டும்; யாராவது போன் பேசுவதற்காக அதை மாற்றிவிட்டுப் போனால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அந்த லைனில் பக்கத்து மேசையில் இன்னொரு போன் இணையாக இருந்தால் பிடுங்கிவிடுங்கள். எங்கள் அக்கவுன்டன்ட் அம்மா நடுவில் ரிசீவரை எடுத்து "யாருப்பா அது லைன்ல?" என்று கேட்டு ஒரு பக்கத்தைப் பாதியில் அறுத்திருக்கிறார். இபிஏபிஎக்ஸ் (ஆபீஸுக்குள் போன்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வழியாகக் கொடுக்காமல் நேர் லைனாகக் கொடுப்பதே நல்லது. கால் வெயிட்டிங் வசதி இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்தச் சின்ன பீப் போதும், பக்கம் கெட்டுவிடும். நினைவகத்தில் போலிங் ஆவணம் உட்கார்ந்திருப்பதால் சாதாரண ஃபேக்ஸ் வருவது நிற்காது, அந்தப் பயம் வேண்டாம்.

இனி கூப்பிடுபவர் பக்கம். அங்கேதான் மெஷினைவிட மனிதர்களோடு அதிக வேலை. போலிங் என்கிற சொல் எல்லா மெஷினிலும் பட்டனில் எழுதியிருக்காது. ஒன்றில் ஃபங்ஷன் அழுத்தி எண் போட வேண்டும், இன்னொன்றில் மெனுவுக்குள் மூன்று படி இறங்க வேண்டும். பட்டனே இல்லாதவற்றில், ரிசீவரை எடுத்து டயல் செய்து எதிர்முனையின் நீளக் கூவலைக் கேட்டதும் ஸ்டார்ட்டை அழுத்தினால் சிலவற்றில் வந்துவிடும், சிலவற்றில் வராது. நாற்பது வாடிக்கையாளர்களிடமும் என்ன மாடல் என்று கேட்டு, ஒவ்வொருவருக்கும் தனியாக நாலு வரி எழுதி அனுப்பினேன். "மெஷின் மேலேயே ஒட்டி வையுங்கள்" என்றும் எழுதினேன். அந்த நாற்பது துண்டுச்சீட்டு எழுதிய வாரம்தான் உண்மையில் போலிங் வைத்த வாரம் என்று சொல்ல வேண்டும். நம் மெஷினில் பட்டன் அழுத்தியது ஐந்து நிமிஷ வேலை.

அப்படியும் ஆம்பூர் பாய் ஒருவர் விடவில்லை. ஃபேக்ஸ் என்றால் பேப்பர் வைக்காமல் எப்படிப் போகும் என்பது அவர் நியாயம். ஒரு வெள்ளைப் பேப்பரை ஃபீடரில் வைத்து, எங்கள் எண்ணைப் போட்டு, ஸ்டார்ட் அழுத்துவார். எங்களுக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் சரியாகப் பத்து மணிக்கு ஒரு வெள்ளைப் பேப்பர் வரும், மேலே அவர் கம்பெனியின் பெயரும் எண்ணும் மட்டும் பொடி எழுத்தில். அதைப் பார்த்ததும் நான் பேசாமல் ஷெட்யூலை அவருக்குச் சாதாரணமாக அனுப்பிவிடுவேன். வந்ததும் அவர் கூப்பிட்டு, "தம்பி, உங்க போலிங் சூப்பர்" என்பார். கடைசி வரை நான் உண்மையைச் சொல்லவில்லை.

இன்னொரு பக்கம், ராணிப்பேட்டையில் ஒரு அக்கவுன்டன்ட் சார் என்னையே மிஞ்சினார். அப்போது எஸ்டிடிக்கு இரவு 11 மணிக்கு மேல் நாலில் ஒரு பங்கு கட்டணம்தான். அவர் தன் மெஷினில் நேரம் வைத்து, ஞாயிறு இரவு 11 மணிக்கு மேல் தானாகவே எங்கள் எண்ணைக் கூப்பிட்டு எடுக்கும்படி செய்துவிட்டார். காலையில் ஆபீஸ் திறந்தால் பேப்பர் தட்டில் கிடக்கும். இது நல்ல யோசனை என்று மற்றவர்களுக்கும் சொன்னோம். அதனால் எனக்கு என்ன ஆயிற்று என்றால், ஷெட்யூலைச் சனிக்கிழமை மாலையே ஏற்றிவிட்டுப் போக வேண்டியதாயிற்று. திங்கட்கிழமை காலை எல்லோரும் ஒன்பதரைக்கே கூப்பிட்டு, லைன் எங்கேஜ்ட் ஆகி, அதற்காக என்னைக் கூப்பிட்டுத் திட்டுவதும் இதனால் குறைந்தது. கொடுக்கிற லைன் ஒன்றுதான் என்றால், ஊர்வாரியாக நேரம் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

சனிக்கிழமை ஏற்றுவதில் ஒரு சிக்கல், கரன்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் இல்லை. மெஷினுக்குள் இருந்த சின்ன பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். திங்கட்கிழமை கதவைத் திறந்தால், நினைவகம் அழிந்துவிட்டது என்று மெஷினே ஒரு தாளில் அச்சடித்து வைத்திருக்கிறது, ஏதோ ராஜினாமா கடிதம் போல. இரவு கூப்பிட்ட பதினோரு பேருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதன் பிறகு மெஷினை யுபிஎஸ்ஸில் போட்டோம், ஏற்றிய மூலப் பிரதியை மெஷினுக்கு மேலேயே ஒரு கவரில் வைத்தோம். நான் இல்லாவிட்டாலும் ஆபீஸ் பையன் மறுபடி ஏற்றலாம்.

நிஜமான அடி அதற்கப்புறம்தான் விழுந்தது. ராணிப்பேட்டைக் கம்பெனி ஒன்றுக்கு முதலாளி தனியாக ஒரு சரக்குக் கட்டணம் பேசியிருந்தார், மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடக் கணிசமாகக் குறைவு. அந்தக் கடிதத்தை இரவுக் கட்டணத்தில் அனுப்பலாம் என்று நேரம் வைத்து அனுப்பும் நினைவகத்தில் ஏற்றச் சொன்னார். அதுவும் போலிங்கும் ஒரே மெனுவில் அடுத்தடுத்த வரிகள். அவசரத்தில் போலிங்கில் ஏற்றிவிட்டேன். ஷெட்யூலுக்குப் பின்னால் மூன்றாவது பக்கமாக அது ஒட்டிக்கொண்டது. மறுநாள் மதியத்துக்குள் ஆறு பேர் எடுத்துவிட்டார்கள். முதல் ஆள் கூப்பிட்டது வாணியம்பாடியிலிருந்து. "என்ன சார், எங்களுக்கு மட்டும் ஒரு ரேட்டா?" என்று முதலாளியிடமே கேட்டிருக்கிறார். முதலாளி தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒன்றும் பேசவில்லை. அந்த ஆறு பேருக்கும் அந்த மாதம் அதே ரேட் கொடுத்தார்.

போலிங்கில் வைப்பது என்பது வாசல் திண்ணையில் வைப்பது மாதிரி. எண்ணைத் தெரிந்த எவரும் எடுத்துக்கொள்ளலாம், யார் கேட்கிறார்கள் என்று மெஷின் பார்ப்பதில்லை. நாலு இலக்க ரகசிய எண் வைக்கும் வசதி இருந்தது, வைத்தும் பார்த்தோம். ஆனால் நாங்கள் பார்த்தவரை, ஒரே கம்பெனி மெஷின் இரண்டு பக்கமும் இருந்தால்தான் அது ஒத்துவந்தது. வேறு கம்பெனி மெஷினில் சரியான எண்ணைப் போட்டாலும் மறுக்கும். நாற்பது வாடிக்கையாளர்களிடம் ஏழெட்டு வகை மெஷின் இருந்ததால் அதைக் கைவிட்டோம். பதிலாக, போலிங்கில் போகும் ஒவ்வொரு தாளின் தலையிலும் "பொது" என்று பெரிதாக எழுதுவது, அது இல்லாத தாளை அந்த மெஷின் பக்கமே கொண்டுபோகாமல் இருப்பது, ஏற்றியதும் இருக்கும் ஆவணங்களின் பட்டியலை அச்சடித்துப் பக்க எண்ணிக்கை பார்ப்பது. இரண்டு என்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்று என்று இருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

தாளைத் தயாரிப்பதிலும் கொஞ்சம் கற்றுக்கொண்டோம். ஃபேக்ஸ் வெள்ளை இடத்தைச் சுருக்கி வேகமாக அனுப்பிவிடும்; கறுப்பும் புள்ளியும் நிறைந்த இடத்தில்தான் திணறும். எங்கள் லெட்டர்ஹெட்டின் தலையில் ஒரு கப்பல் படம், கீழே அலைகள், எல்லாம் சாம்பல் நிறப் புள்ளிகளால் ஆனது. அதை எடுத்துவிட்டு வெறும் பெயரை மட்டும் தட்டச்சு செய்த தாளை வைத்ததும் ஒரு பக்கம் போகும் நேரம் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது. முதலாளிக்கு வருத்தம்தான், அந்தக் கப்பலை அவர் மைத்துனர் வரைந்திருந்தார். கட்டம் கட்டமாகக் கோடு போடுவதையும் விட்டோம். எழுத்தைப் பெரிதாக, தடிமனாகப் போட்டால் சாதாரணத் தரத்திலேயே தெளிவாக விழும். ஃபைன் தரத்தில் கோடுகள் இரட்டிப்பு, நேரமும் ஏறத்தாழ அப்படியே, அந்தக் காசு கூப்பிடுபவருடையது. டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரின் ரிப்பன் மங்கலாக இருந்தால் 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும். கட்-ஆஃப் தேதியில் 3-ம் 8-ம் குழம்பினால் என்ன ஆகும் என்று கப்பல் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், எந்தத் தேதிக்கான தாள் என்று தலையில் இருக்க வேண்டும். போன வாரத் தாளை அழிக்க மறந்தால், எடுத்தவருக்காவது தெரியட்டும்.

எதிர்பாராத ஒரு லாபம் ஜர்னலில் இருந்தது. யார் எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று மெஷின் வரிசையாக அச்சடித்துக் கொடுக்கும். எதிர்முனை தன் எண்ணைப் பதிந்து வைத்திருந்தால் அந்த எண் விழும். பலர் பதிந்திருக்க மாட்டார்கள், வெற்றிடமாக இருக்கும். ஆனாலும் பாதிக்கு மேல் தெரிந்தது. மூன்று வாரமாக ஷெட்யூல் எடுக்கிறார், புக்கிங் மட்டும் வரவில்லை என்றால் சரக்கு வேறு ஏஜென்டிடம் போகிறது என்று அர்த்தம். அவரைக் கூப்பிட்டுப் பேசுவார் எங்கள் மார்க்கெட்டிங் அண்ணன். நாங்களாக அனுப்பிக்கொண்டிருந்தவரை யாருக்கு அது உண்மையில் வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. நாற்பதில் இருபத்தாறு பேர்தான் தொடர்ந்து எடுத்தார்கள். மற்றவர்களுக்கு இத்தனை வருஷம் குப்பைக்கூடைக்குத்தான் எஸ்டிடி கட்டியிருக்கிறோம்.

இமெயில் வந்தது, ஷெட்யூல் அதில் போக ஆரம்பித்தது, நானும் வேலை மாறினேன். போலிங்கை மறந்தே போயிருந்தேன்.

போன வருஷம் அக்கா மகன் கூப்பிட்டான். கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ் வைத்திருக்கிறான். அவனுடைய ஜப்பான் வாடிக்கையாளர் ஒருவர் இன்னும் ஃபேக்ஸில்தான் எல்லாம் கேட்கிறார். "மாமா, அவங்க ஏதோ போலிங்கில வைக்கச் சொல்றாங்க, உங்களுக்குத் தெரியுமா?" என்றான். பிரின்டர், ஸ்கேனர், ஃபேக்ஸ் எல்லாம் ஒன்றாக இருக்கும் மெஷின். மெனுவில் போலிங் அப்படியே இருந்தது, வைத்திரு என்கிற தேர்வும் இருந்தது. என் மொபைலில் இருந்து கூப்பிட்டால் கூவல் கேட்டது. ஆனால் அவனுடைய நண்பர் ஆபீஸ் மெஷினிலிருந்து எடுத்துப் பார்த்தால் பாதிப் பக்கத்தில் அறுந்தது. லைன் செம்புக் கம்பி இல்லை, ஃபைபர் மோடத்தின் போன் துளையிலிருந்து வருகிறது. குரலைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும் அந்த வழியில் ஃபேக்ஸின் கூவல் சில நேரம் சிதறும். மெஷினில் ஃபேக்ஸ் வேகத்தை வினாடிக்கு 9600 பிட்டுக்கு இறக்கி, பிழைதிருத்தத்தையும் நிறுத்தினேன். அதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது, பல மெஷின்களில் இணையப் போனுக்கானது என்று எழுதியிருக்கும்.

மறுபடி எடுத்தோம். முழுப் பக்கம் வந்தது. "இன்னொரு வாட்டி எடுக்கச் சொல்லு" என்றேன். எதற்கு என்று கேட்டான். எடுக்கச் சொல்லு என்றேன். அதுவும் வந்தது. நண்பர் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எழுத்து தெளிவாக இருந்தது, பக்க எண்ணிக்கை சரி. தலையில் மட்டும் 2011 ஜனவரி 1 என்று இருந்தது. வாங்கிய நாளிலிருந்து மெஷினில் யாரும் தேதி வைக்கவே இல்லை.